1914 ஜூலை: நான்கு முறை தப்பிய போர் ஐந்தாவது முறை ஏன் தப்பவில்லை?

1914 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி ரஷ்யாவின் மீது போர் அறிவித்தது. இந்தத் தேதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கே ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையில்தான். செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா வந்தது. ஆஸ்திரியாவுக்குத் துணையாக ஜெர்மனி வந்தது. அப்படித் துணைக்கு வந்த ஜெர்மனி, ஆகஸ்ட் 1ஆம் தேதியே ரஷ்யா மீது போர் அறிவித்துவிட்டது. 3ஆம் தேதி பிரான்ஸ் மீது. 4ஆம் தேதி பெல்ஜியத்துக்குள் படையை அனுப்பி, பிரிட்டனையும் களத்துக்கு இழுத்துவிட்டது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் வழக்குக்குச் சொந்தக்காரர் எழுந்து, ரஷ்யாவோடு எனக்கும் போர் என்று சொல்கிறார்.

முதல் உலகப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பட்டியல் உடனே வரும்: ரகசியக் கூட்டணிகள், படைப் பெருக்கம், காலனிப் போட்டி, தீவிர தேசியவாதம், சாராயெவோ கொலை. பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் 1905லும் இருந்தது, 1908லும் இருந்தது, 1911லும், 1912லும் இருந்தது. நான்கு முறையும் ஐரோப்பா போரின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. ஐந்தாவது முறை மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி. திரும்பி வந்த அந்த நான்கு முறைகளிலேயே ஐந்தாவதுக்கான விடை இருக்கிறது என்பது என் கணிப்பு.

பகையாளிகள் மாறிய கதை

வேரிலிருந்து தொடங்கினால் 1871க்குப் போக வேண்டும். பிரான்ஸைத் தோற்கடித்த பிரஷ்யா (ஜெர்மன் அரசுகளில் பெரியது), அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையிலேயே ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தது. அல்சாஸ்-லொரேன் ஜெர்மனிக்குப் போனது. அதற்குப் பிறகு ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்குக்கு ஒரே கவலைதான்: பிரான்ஸுக்கு ஒரு துணை கிடைத்துவிடக் கூடாது. 1879ல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடு கூட்டணி. 1882ல் இத்தாலியும் அதில் சேர்ந்தது. 1887ல் ரஷ்யாவோடு ஒரு ரகசிய மறுகாப்பீட்டு ஒப்பந்தம். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தபோது இரண்டையும் ஒரே நேரத்தில் கைக்குள் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. 1890 மார்ச்சில் இளைய ஜெர்மன் பேரரசர், கைசர் இரண்டாம் வில்ஹெம் அந்தக் கிழவரை வீட்டுக்கு அனுப்பினார். ரஷ்ய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான்கே ஆண்டில், 1894ல், பிரெஞ்சுக் குடியரசும் ரஷ்ய ஜாராட்சியும் கூட்டணி சேர்ந்தன. பாரிஸில் திரட்டிய கடன் பணம் ரஷ்ய ரயில் பாதைகளாக மாறத் தொடங்கியது. அந்தப் பாதைகளில் பல ஜெர்மன் எல்லையை நோக்கிப் போயின.

பிரிட்டன் இந்த இரண்டு முகாமிலும் இல்லை. காலனிப் போட்டிதான் போரைக் கொண்டுவந்தது என்பவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். காலனிகளுக்காக பிரிட்டன் மிகக் கடுமையாக மோதியது ஜெர்மனியோடு அல்ல. 1898ல் சூடானின் ஃபஷோடாவில் பிரான்ஸோடு போர் மூளும் நிலை வந்தது. ஆப்கானிஸ்தானையும் பாரசீகத்தையும் முன்னிட்டு ரஷ்யாவோடு பல பத்தாண்டுகள் பனிப்போர் மாதிரி ஒன்று நடந்தது. ரஷ்யா இந்தியாவுக்குள் இறங்கிவிடும் என்ற பயம் கல்கத்தாவையும் சிம்லாவையும் விட்டுப் போகவே இல்லை. இந்த இருவரோடும் பிரிட்டன் கணக்குத் தீர்த்துக்கொண்டது, 1904ல் பிரான்ஸோடும் 1907ல் ரஷ்யாவோடும். ஜெர்மனியோடு இருந்த காலனிச் சிக்கல்கள்கூட 1914 கோடையில் குறைந்துகொண்டுதான் வந்தன. பாக்தாத் ரயில் பாதை பற்றி இரு நாடுகளும் அந்த ஜூன் மாதம்தான் உடன்பாட்டுக்கு வந்திருந்தன.

கடற்படைப் போட்டி வேறு கதை. 1898லும் 1900லும் ஜெர்மன் அட்மிரல் டிர்பிட்ஸ் கொண்டுவந்த கப்பல் சட்டங்கள், கடலை நம்பிப் பிழைக்கும் ஒரு தீவு நாட்டை மிரள வைத்தன. 1906ல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியதும் இருவருமே பழைய கப்பல்களை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஆனால் இந்தப் பந்தயம் 1912 வாக்கில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. தரைப்படைச் செலவு கழுத்தை நெரிக்க, ஜெர்மனி பின்வாங்கியது. பந்தயம் முடிந்தாலும் அதன் விளைவு தங்கிவிட்டது. 1912ல் பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொள்ள, பிரிட்டிஷ் கடற்படை வடக்கே குவிந்தது. எழுத்தில் எந்த வாக்குறுதியும் இல்லை என்று லண்டன் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் பிரான்ஸின் வடகரையைக் காக்க இனிமேல் பிரெஞ்சுக் கப்பல் இல்லை.

திரும்பி வந்த நான்கு முறைகள்

முதல் முறை மொராக்கோ. 1905 மார்ச் 31 அன்று கைசர் டாஞ்சியரில் இறங்கி, மொராக்கோ சுல்தான் சுதந்திரமானவர் என்று பேசினார். பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் ஓராண்டுகூட ஆகாத நட்பை உடைப்பதுதான் நோக்கம். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டெல்காசே பதவி விலகினார். அதுவரை ஜெர்மனிக்கு வெற்றிதான். அப்புறம் 1906ல் அல்ஹெசிராஸ் மாநாடு கூடியது. அங்கே ஜெர்மனியின் பக்கம் நின்ற ஒரே வல்லரசு ஆஸ்திரியா-ஹங்கேரி. கூட்டணியில் இருந்த இத்தாலிகூட நழுவியது. உடைக்க நினைத்த நட்பு இறுகி, பிரிட்டிஷ் பிரெஞ்சுப் படைத்தலைமைகள் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் பேசும் அளவுக்குப் போனது. பிரிட்டிஷ் அமைச்சர்களில் பெரும்பாலோருக்கே இந்தப் பேச்சு நடப்பது 1911 வரை தெரியாது.

இரண்டாவது, போஸ்னியா. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், 1914ன் விதை இதில்தான் இருக்கிறது. 1878 பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு போஸ்னியாவை ஆஸ்திரியா நிர்வகித்தது. பெயரளவில் அது ஒட்டோமான் (துருக்கிப்) பேரரசின் மண். 1908 செப்டம்பரில் மொராவியாவில் உள்ள புக்லாவ் மாளிகையில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் ஏரந்தாலும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் இஸ்வோல்ஸ்கியும் சந்தித்தார்கள். போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொள்வதை ரஷ்யா எதிர்க்காது. பதிலுக்கு, கருங்கடலிலிருந்து ரஷ்யப் போர்க்கப்பல்கள் துருக்கியின் ஜலசந்தி வழியாக வெளியே வருவதை ஆஸ்திரியா எதிர்க்காது. இதுதான் பேரம். இருவரும் ஒப்புக்கொண்ட எழுத்து எதுவும் இல்லை. இஸ்வோல்ஸ்கி மற்ற தலைநகரங்களின் சம்மதத்தைக் கேட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அக்டோபர் 6 அன்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா இணைப்பை அறிவித்துவிட்டது. ரஷ்யாவுக்கு ஜலசந்தியும் கிடைக்கவில்லை, மானமும் மிஞ்சவில்லை.

போஸ்னியாவில் செர்பியர்கள் ஏராளம். செர்பியத் தலைநகர் பெல்கிரேட் கொதித்தது. அந்த அக்டோபரிலேயே நரோத்னா ஒத்பிரானா என்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. செர்பியர்கள் வாழும் மண்ணையெல்லாம் காப்பது அதன் நோக்கம். ஆறு மாதம் இழுபறி. 1909 மார்ச்சில் பெர்லின் ரஷ்யாவிடம் நேரடியாகக் கேட்டது: இணைப்பை ஏற்கிறீர்களா இல்லையா, மழுப்பாமல் சொல்லுங்கள். ஜப்பானிடம் தோற்று மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ரஷ்யா பணிந்தது. துணை இல்லாமல் போன செர்பியா மார்ச் 31 அன்று, இணைப்பை ஏற்கிறோம், இனி ஆஸ்திரியாவோடு நல்ல அண்டை நாடாக இருப்போம் என்று எழுதிக் கொடுத்தது.

அந்தக் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மறுபடியும் மொராக்கோ. 1911 ஜூலை 1 அன்று பாந்தர் என்ற சிறிய ஜெர்மன் போர்க்கப்பல் அகடிர் துறைமுகத்துக்கு வந்து நின்றது. இம்முறை பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜே பொதுமேடையில் எச்சரித்தார். நவம்பரில் ஜெர்மனிக்கு பிரெஞ்சு காங்கோவில் ஒரு துண்டு கிடைத்தது. வெப்பக் காட்டை வாங்கிக்கொண்டு மொராக்கோவை விட்டுவிட்டோமே என்று ஜெர்மன் பத்திரிகைகள் திட்டின. பிரான்ஸ் மொராக்கோவை எடுத்துக்கொண்டால் நமக்கு லிபியா என்று இத்தாலி கிளம்பியது. ஒட்டோமான் அரசு அங்கே திணறுவதைப் பார்த்த பால்கன் நாடுகள் 1912 அக்டோபரில் தாங்களும் பாய்ந்தன.

அதுதான் நான்காவது. பால்கன் போர்கள் முடிந்தபோது செர்பியாவின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. அது அட்ரியாட்டிக் கடலைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் வியன்னா உறுதியாக இருந்தது. அதற்காகவே அல்பேனியா என்ற நாடு உருவாக வேண்டும் என்றது. லண்டனில் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தலைமையில் தூதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். பெர்லின் வியன்னாவின் கையைப் பிடித்து இழுத்தது, ரஷ்யாவும் செர்பியாவை அடக்கியது. ஆனாலும் செர்பியப் படைகள் அல்பேனிய எல்லையை விட்டு முழுதாகப் போகவில்லை. 1913 அக்டோபரில் வியன்னா எட்டு நாள் கெடு வைத்தது. செர்பியா விலகியது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். ஒரே நிகழ்விலிருந்து ஆளுக்கொரு பாடம் படித்தார்கள். மாநாடு போட்டால் தீரும் என்பது கிரே கண்டது. மாநாட்டில் ஒன்றும் கிடைக்காது, கெடு வைத்தால்தான் வேலை நடக்கும் என்பது வியன்னா கண்டது. 1909லும் பணிந்தோம், 1913லும் விட்டுக்கொடுத்தோம், இன்னொரு முறை கைவிட்டால் பால்கனில் நம்மை ஒருவரும் மதிக்க மாட்டார்கள் என்பது ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் கண்டது. பெர்லினில் கைசரும் சான்சலர் பெத்மான் ஹோல்வெக்கும், மிஞ்சியிருக்கும் ஒரே நண்பனை அடிக்கடி கையைப் பிடித்து இழுத்தால் அவனும் போய்விடுவான் என்று கவலைப்பட்டார்கள். வரப்புத் தகராறில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தலைகுனிந்து வீடு திரும்பினால், அந்த ஊரில் சமாதானம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

இதோடு ஒரு காலக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 1913ல் ஜெர்மனி தன் தரைப்படையைப் பெரிதாக விரிவாக்கியது. பிரான்ஸ் கட்டாய ராணுவ சேவையை இரண்டிலிருந்து மூன்று ஆண்டாக நீட்டியது. ரஷ்யா 1917ல் முடியும் ஒரு மாபெரும் படைத் திட்டத்தை வகுத்தது. 1917க்குப் பிறகு ரஷ்யாவை அடக்கவே முடியாது என்று ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே நம்பினார். போர் வருமென்றால் சீக்கிரம் வருவது நல்லது என்று அவர் 1912 டிசம்பரிலேயே கைசர் முன்னிலையில் பேசியிருந்தார்.

கொலையும் நான்கு வாரத் தாமதமும்

போஸ்னியத் தலைநகர் சாராயெவோவில் 1914 ஜூன் 28 அன்று நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் வீசிய குண்டு தப்பியது. பிறகு ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் காரோட்டி தவறான தெருவில் திரும்பி, பின்னால் எடுக்க வண்டியை நிறுத்திய இடத்தில், 19 வயது போஸ்னிய செர்பியன் காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தான். இளவரசரும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். துப்பாக்கிகள் பெல்கிரேடிலிருந்து வந்தவை. கொடுத்தவர்களுக்குப் பின்னால் செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் திமித்ரியெவிச் இருந்தார்.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வியன்னாவில் செர்பியாவோடு போர் கூடாது என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்த மிக முக்கியமான ஆள் இந்தப் பெர்டினாண்ட்தான். தலைமைத் தளபதி கொன்ராட் ஆண்டுக்கணக்கில் செர்பியாவை அடிக்க வேண்டும் என்று நச்சரித்து வந்தார். ரஷ்யாவோடு மோதினால் இரண்டு பேரரசுகளும் ஒழிந்துபோகும் என்று இளவரசர் மறித்து வந்தார். பிரின்சிப் சுட்டது அந்தத் தடையைத்தான்.

ஜூலை 5 அன்று வியன்னா அனுப்பிய சிறப்புத் தூதுவர் ஹோயோஸ் பெர்லினுக்குப் போனார். நீங்கள் என்ன செய்தாலும் உங்கள் பின்னால் நிற்போம் என்று கைசரும் மறுநாள் பெத்மானும் உறுதி கொடுத்தார்கள். வரலாற்றில் இதற்கு வெற்றுக் காசோலை என்றே பெயர். உலகம் அதிர்ச்சியில் இருக்கும்போதே சட்டென்று செர்பியாவை அடித்துவிட்டால் மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது பெர்லினின் கணக்கு. ஆனால் சட்டென்று எதையும் செய்யத் தெரியாத அரசு வியன்னா. ஹங்கேரியப் பிரதமர் திசா போரை எதிர்த்தார். செர்பிய மண்ணை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்ற நிபந்தனையோடு அவர் இறங்கி வர ஜூலை 14 ஆகிவிட்டது. படைவீரர்களில் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். அதோடு பிரெஞ்சு அதிபர் புவான்காரே பீட்டர்ஸ்பர்க்குக்கு வருகை தந்திருந்தார். ரஷ்யரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே மேசையில் இருக்கும்போது கெடு போய்ச் சேரக் கூடாது, அவர் கப்பலேறும் வரை காத்திருப்போம் என்று முடிவானது.

ஜூலை 23 மாலை 6 மணிக்கு ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் பெல்கிரேடில் கெடுவைக் கொடுத்தார். 48 மணி நேரம், 10 கோரிக்கைகள். முதல் வரியிலேயே 1909 மார்ச் 31 உறுதிமொழியை எடுத்துக் காட்டி, நீங்கள் அதைக் காப்பாற்றவில்லை என்று தொடங்கியது அந்தக் கடிதம். நரோத்னா ஒத்பிரானாவைக் கலைக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. 1909ல் முடித்துவிட்டதாக எல்லோரும் நினைத்த வழக்கு, தேதி போட்ட சான்றோடு திரும்பி வந்திருந்தது.

ஆறாவது கோரிக்கைதான் முள். கொலைச் சதியைப் பற்றி செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கேற்பார்கள் என்றது அது. ஜூலை 25 மாலை, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பிரதமர் பாஷிச் பதிலைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மற்றவற்றைப் பெரும்பாலும் ஏற்று, சிலவற்றை வழவழவென்று எழுதி, ஆறாவதை மட்டும் அரசியல் சட்டத்தைக் காட்டி மறுத்திருந்தார்கள். கீஸ்ல் பதிலைச் சரியாகப் படிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. உறவு முறிந்தது என்று எழுதி அனுப்பிவிட்டு 6.30 ரயிலில் ஏறிவிட்டார்.

28ஆம் தேதி

முப்பத்தேழு நாள் நெருக்கடியில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடு என்றால் நான் ஜூலை 28ஐ எடுப்பேன்.

நார்வே கடற்கரையில் மூன்று வாரம் உல்லாசப் பயணம் போய்த் திரும்பியிருந்த கைசர், அன்று காலைதான் செர்பியாவின் பதிலைப் படித்தார். படித்து முடித்ததும், 48 மணி நேரத்தில் இவ்வளவு கிடைத்தது வியன்னாவுக்குப் பெரிய தார்மீக வெற்றி, போருக்கு இனி எந்தக் காரணமும் இல்லை என்று ஓரத்தில் குறித்தார். ஆஸ்திரியப் படை பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், மற்றதைப் பேசித் தீர்ப்போம் என்று யோசனையும் எழுதினார். நாள் முழுக்க வீரவசனம் பேசும் மனிதர் முதன்முறையாக நிதானத்துக்கு வந்த காலை அது.

பெத்மான் அதை உடனே வியன்னாவுக்கு அனுப்பவில்லை. அன்று இரவு அனுப்பியபோதும், ஆஸ்திரியாவை நாம் தடுக்கிறோம் என்ற எண்ணம் அங்கே வந்துவிடக் கூடாது என்று தன் தூதருக்கு ஒரு வால் சேர்த்தே அனுப்பினார்.

அதற்குள் வியன்னா செர்பியா மீது போர் அறிவித்துவிட்டது, தந்தியில். ஆகஸ்ட் 12 வாக்கில்தான் படை தயாராகும் என்று கொன்ராட் சொல்லியிருந்தார். அப்படியானால் இரண்டு வாரம் முன்கூட்டியே அறிவிக்க என்ன அவசரம்? விட்டால் கிரேயின் மாநாட்டு யோசனை மாதிரி ஏதாவது சமரசம் உள்ளே நுழைந்துவிடும், கதவைச் சாத்திவிட வேண்டும் என்பதுதான் வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டின் எண்ணம். 84 வயதை நெருங்கிக்கொண்டிருந்த பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பிடம், தெமெஷ் குபின் என்ற இடத்தில் செர்பியர்கள் முதலில் சுட்டுவிட்டார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்டது. அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை. பிறகு அந்த வரியை அமைதியாக அடித்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் அப்படியே நின்றது.

ரயில்கள்

ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஆஸ்திரியாவை மட்டும் மிரட்டும் அளவுக்கு, பகுதிப் படைதிரட்டல் என்று முதலில் நினைத்தார். தளபதிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆஸ்திரியாவுக்கு மட்டும் என்று தனித் திட்டம் எதுவும் தயாராக இல்லை. பாதியை இன்று நகர்த்தினால், நாளை முழுதாக நகர்த்த வேண்டி வரும்போது ரயில் அட்டவணை குழம்பிவிடும். ஜூலை 29 அன்று ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்குச் சம்மதித்தார். இரவு கைசரிடமிருந்து தந்தி வர, மனம் மாறி ரத்து செய்தார். இருவரும் உறவினர்கள், வில்லி, நிக்கி என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி அடித்துக்கொண்டவர்கள். வழக்கை ஹேக் நடுவர் மன்றத்துக்கு அனுப்பலாம் என்று நிக்கோலஸ் ஒரு தந்தியில் கேட்டார். அது கவனிப்பாரில்லாமல் போனது. 30ஆம் தேதி பிற்பகல் சசோனோவ் நேரில் போய் நெடுநேரம் பேசி மறுபடி சம்மதம் வாங்கினார். ஜார் இன்னொரு முறை மனம் மாறுவதற்குள் உங்கள் தொலைபேசியை உடைத்துவிடுங்கள் என்று தலைமைத் தளபதி யானுஷ்கெவிச்சிடம் சொன்னார்களாம்.

அதே 30ஆம் தேதி அதிகாலை பெர்லினில் பெத்மான் அரண்டுபோயிருந்தார். பிரான்ஸ் இழுக்கப்பட்டால் நாங்கள் சும்மா இருக்க முடியாது என்று கிரே சொன்ன செய்தி இரவில் வந்திருந்தது. சமரசத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் வியன்னாவுக்கு அவசரத் தந்திகள் அடித்தார். தளபதி மோல்ட்கே தன் பங்குக்கு, உடனே ரஷ்யாவுக்கு எதிராகப் படை திரட்டுங்கள் என்று கொன்ராடுக்குச் சொல்லி அனுப்பினார். பெர்லினில் ஆள்வது யார், மோல்ட்கேயா பெத்மானா என்று பெர்க்டோல்ட் கேட்டது நியாயம்தான்.

மற்ற நாடுகளுக்குப் படைதிரட்டல் என்றால் எல்லைக்குப் போய் நிற்பது. வாரக்கணக்கில் நின்றபடி பேசவும் முடியும். ஜெர்மனிக்கு மட்டும் படைதிரட்டல் என்றால் போர். காரணம் அவர்களுடைய திட்டம். பிரான்ஸ், ரஷ்யா இரண்டோடும் ஒரே நேரத்தில் மோத வேண்டும். ரஷ்யா பெரிய நாடு, மெதுவாகத்தான் திரளும். அதற்குள் சுமார் ஆறு வாரத்தில் பெல்ஜியம் வழியாகச் சுற்றிப் போய் பிரான்ஸை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். ரஷ்யா ஒரு நாள் முந்தினால்கூட கணக்கு பிசகும். கிழக்கை மட்டும் நோக்கிய மாற்றுத் திட்டம் ஒன்றும் இருந்தது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையை 1913 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

இதன் விலை ஆகஸ்ட் 1 மாலை தெரிந்தது. படைதிரட்டல் ஆணையில் கையெழுத்துப் போட்ட சற்று நேரத்தில், பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்பது போல லண்டன் தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி வந்தது. அப்படியானால் எல்லாப் படையையும் கிழக்கே திருப்பு என்றார் கைசர் மகிழ்ச்சியாக. முடியாது என்றார் மோல்ட்கே. பல லட்சம் பேரை ஏற்றிச் செல்லும் ரயில்களை ஓர் இரவில் திருப்பினால் படை இருக்காது, ஆயுதம் ஏந்திய கும்பல்தான் இருக்கும் என்று வாதாடினார். உன் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார் என்று கைசர் குத்திக் காட்டினார். 1870ல் பிரான்ஸை வென்ற மோல்ட்கே இந்தத் தளபதியின் பெரியப்பா. லக்சம்பர்க்குக்குள் நுழையவிருந்த படைக்கு நிறுத்த உத்தரவு போனது. ஒரு சிறு பிரிவு அதற்குள் எல்லை தாண்டிவிட்டது. இரவு 11 மணி வாக்கில், அது தவறான புரிதல் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பதில் வந்தது. இனி உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார் கைசர்.

பிரிட்டன் நுழைந்த வழி

லண்டன் அமைச்சரவையில் பெரும்பாலோர் போரை விரும்பவில்லை. அந்தக் கோடை முழுக்க அவர்களுடைய தலைவலி அயர்லாந்துதான். பெல்ஜியத்தின் நடுநிலையை 1839ல் பிரஷ்யா உள்பட எல்லா வல்லரசுகளும் உறுதி செய்திருந்தன. ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனி பெல்ஜியத்துக்குக் கெடு வைத்தது. மன்னர் ஆல்பர்ட் மறுத்தார். தயங்கிக்கொண்டிருந்த அமைச்சர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இருவர் மட்டும் விலகினார்கள். பெல்ஜியம் இல்லாவிட்டாலும் பிரான்ஸ் நொறுங்குவதை பிரிட்டன் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு வாரங்கள் ஆகியிருக்கும், அரசே கவிழ்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் தானாகவே இறங்கியதாகக் கணக்கு. இங்கே யாரையும் கேட்கவில்லை. ஏழே வாரத்தில், செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது.

எங்கே நிறுத்தியிருக்கலாம்?

1919ல் வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு முழுப் பொறுப்பையும் ஜெர்மனி, அதன் கூட்டாளிகள் தலையில் ஏற்றியது. பிறகு வந்த வரலாற்றாளர்கள், யாருமே விரும்பாமல் எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள் என்று எழுதினார்கள். 1960களில் ஜெர்மன் ஆய்வாளர்களிடமிருந்தே, பெர்லின் தெரிந்துதான் இறங்கியது என்ற வாதம் வந்தது. அண்மைக் காலத்தில் செர்பியாவையும் ரஷ்யாவையும் அதிகம் குறை சொல்லும் போக்கு இருக்கிறது. எல்லோருக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் எல்லோருக்கும் சம பங்கு என்பது ஆராயச் சோம்பல்பட்டவர்களின் தீர்ப்பு.

கிரே தன் எச்சரிக்கையை ஜூலை 29க்குப் பதிலாக ஒரு வாரம் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அமைச்சரவை அவர் பின்னால் இல்லை. ரஷ்யா முழுப் படைதிரட்டலை இரண்டு மூன்று நாள் தள்ளியிருந்தால் பெத்மானின் அதிகாலைத் தந்திகளுக்கு வியன்னாவில் ஏதாவது பலன் இருந்திருக்கலாம். ரஷ்யாவின் பெரிய பிழை அது. வியன்னாவோ முதல் நாளிலிருந்தே போரைத் தவிர வேறு எதையும் தேடவில்லை. ஆனால் பெர்லின் இல்லாமல் வியன்னாவால் அசைய முடியாது. 1913 ஜூலையில், இரண்டாம் பால்கன் போரின்போது, இதே வியன்னா செர்பியா மீது பாய நினைத்தபோது பெர்லின் வேண்டாம் என்றது, பாய்ச்சல் நின்றது. அதனால் என் கணக்கில் பெரிய இடம் 1914 ஜூலை 5.

அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் ஆத்திரம் வருகிறது. போட்ஸ்டாம் அரண்மனையில் பெர்லினிலிருந்த ஆஸ்திரியத் தூதரோடு மதிய உணவு. அந்தச் சந்திப்பிலேயே கைசர் வாக்குக் கொடுத்துவிட்டார். பெத்மான் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார், ஒப்புக்கொண்டார். முறையான ஆலோசனைக் கூட்டம் எதுவும் கூடவில்லை. போர் அமைச்சர் ஃபால்கன்ஹைனிடம் படை தயாரா என்று கேட்டார்கள், தயார் என்றார். மறுநாள் காலை கைசர் நார்வே பயணத்துக்குக் கிளம்பினார். அப்போது மோல்ட்கே ஊரில் இல்லை, சிகிச்சை ஓய்வில் இருந்தார். ஃபால்கன்ஹைன் அவருக்கு ஜூலை 5 அன்றே கடிதம் எழுதினார்: வியன்னா உறுதியான முடிவுக்கு வந்துவிட்டதாகத் தோன்றவில்லை, வரும் வாரங்களில் பெரிதாக எதுவும் நடக்காது, நீங்கள் ஓய்வைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. மோல்ட்கேயும் குறைத்துக்கொள்ளவில்லை. அவர் பெர்லினுக்குத் திரும்பியபோது செர்பியாவுக்கு வைத்த கெடு முடிந்திருந்தது.